கட்டி சுருங்கவில்லை என்றால் மருந்து வேலை செய்யவில்லை என்றா அர்த்தம்?

கேள்வி: டொக்டர், நாங்கள் திருகோணமலை, சாம்பல்தீவில் இருக்கிறோம். மகனுக்குப் பதினைந்து வயது. பந்தடித்துவிட்டு வந்து முழங்கால் நோகுது என்றான். சுளுக்கு என்று நினைத்தோம். வீக்கம் வற்றாததால் எக்ஸ்ரே எடுத்தோம், பிறகு ஸ்கேன், அதன்பின் கட்டியில் ஒரு துண்டு எடுத்துப் பரிசோதனை. தொடையெலும்பின் கீழ்ப்பக்கத்தில் ஒஸ்டியோசார்கோமா என்ற எலும்புப் புற்றுநோய் என்றார்கள். நெஞ்சில் ஒன்றும் இல்லையாம். மஹரகம புற்றுநோய் வைத்தியசாலையில் மூன்று மருந்து ஏற்றுகிறார்கள், இப்போது இரண்டாவது சுற்று. ஆனால் வீக்கம் அப்படியே இருக்கிறது, எக்ஸ்ரேயிலும் கட்டி சுருங்கவில்லை. அங்கே கேட்டால் "பரவாயில்லை, தொடருவோம்" என்கிறார்கள். என் பெறாமகள் உயர்தரம் உயிரியல் படிக்கிறாள். கீமோ மருந்து கலத்துக்குள்ளே ஓடும் சமிக்ஞைகளை மாற்றித்தான் புற்றுநோயைக் கொல்லும் என்று வாசித்துச் சொன்னாள். ரொறன்ரோவில் இருக்கும் அண்ணா மஞ்சள் கப்சூல் அனுப்பியிருக்கிறார், அதுவும் புற்றுநோய்ச் சமிக்ஞையை நிறுத்துமாம். அப்படியென்றால் இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் இரட்டைப் பலன்தானே? கன்னியா வெந்நீரூற்றில் காலை நனைத்து எண்ணெய் பூசி நீவச் சொல்லியும் சிலர் சொல்கிறார்கள். என்ன செய்வது?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் கப்சூல் விஷயம். தம்பிக்கு இன்னும் கொடுக்கத் தொடங்கவில்லை என்றால் தொடங்க வேண்டாம். தொடங்கிவிட்டீர்கள் என்றால் இன்றோடு நிறுத்திவிட்டு, அடுத்த முறை மஹரகம போகும்போது அந்தப் போத்தலையே கையில் கொண்டுபோய்க் காட்டுங்கள். யாரும் உங்களைக் கோபிக்க மாட்டார்கள். அவன் வேறு என்ன எடுக்கிறான் என்று தெரியாமல் மருந்து ஏற்றுவதுதான் அவர்களுக்குச் சிக்கல். ஏன் வேண்டாம் என்கிறேன் என்பதை உங்கள் பெறாமகள் தொடங்கிய இடத்திலிருந்தே சொல்கிறேன். அந்தப் பிள்ளை வாசித்தது சரி. ஆனால் அதிலிருந்து நீங்கள் போய்ச் சேர்ந்த முடிவு சரியில்லை.

பந்தடித்ததால் இது வரவில்லை. அடிபட்டதால் ஏற்கனவே இருந்தது கண்ணில் பட்டது, அவ்வளவுதான். வளரும் வயதுப் பிள்ளைகளில் எலும்பு வேகமாக நீளும் முழங்காலைச் சுற்றித்தான் இந்த நோய் அதிகம் தொடங்குகிறது. நீங்கள் செய்ததாலோ செய்யாமல் விட்டதாலோ வந்தது அல்ல.

இனி அந்த மூன்று மருந்துகள். மெதோட்ரெக்சேட், டொக்ஸோரூபிசின், சிஸ்பிளாட்டின். மூன்றும் மூன்று வழியாகக் கலத்தின் டி.என்.ஏ.யைத்தான் தொடுகின்றன. சிவப்பு நிறத்தில் ஏறுகிறதே, அது டொக்ஸோரூபிசின். அன்றும் மறுநாளும் சிறுநீர் சிவந்து போனால் பயப்பட வேண்டாம், அது மருந்தின் நிறம். டி.என்.ஏ. பிரதியெடுக்கப்படும்போது முறுக்கிக்கொள்ளும். அதை வெட்டி, முறுக்கெடுத்து, மறுபடி ஒட்டுவதற்கு டொபோஐசோமரேஸ் என்ற நொதியம் இருக்கிறது. டொக்ஸோரூபிசின் வெட்ட விடுகிறது, ஒட்ட விடுவதில்லை. இரண்டு இழையும் அறுந்தபடி நிற்கும். சிஸ்பிளாட்டினில் இருப்பது பிளாட்டினம் உலோகம். அது டி.என்.ஏ.யின் எழுத்துகளை ஒன்றோடொன்று பிணைத்துவிடுகிறது, அந்த இடத்தில் பிரதியெடுக்கும் வேலை முட்டி நிற்கும். 1965இல் அமெரிக்காவில் பார்னெட் ரோசன்பேர்க் என்பவர் பற்றீரியாவின் மேல் மின்புலம் என்ன செய்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். பற்றீரியாக்கள் பிரியாமல் நீண்டுகொண்டே போயின. காரணம் மின்சாரம் அல்ல, பிளாட்டினக் கம்பியிலிருந்து கரைந்து வந்த சேர்மம் என்று பிறகு தெரிந்தது. சிஸ்பிளாட்டினுக்கு இப்படியொரு வேலை இருப்பது அதிலிருந்துதான் தெரியவந்தது. மெதோட்ரெக்சேட் ஃபோலிக் அமிலத்தைப் போன்ற வடிவம் கொண்டது. அந்த விற்றமினைக் கையாளும் நொதியத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும், டி.என்.ஏ. கட்டுவதற்கு வேண்டிய பொருள் கலத்துக்குக் கிடைக்காமல் போகும். பெறாமகளுக்கு ஒரு தகவல்: இந்த வகை மருந்துகள் உருவான ஆய்வுகூடத்தில் முன்னின்றவர்களில் ஒருவர், ஆந்திராவிலிருந்து போன எல்லாப்பிரகட சுப்பாராவ். அவரைப் பற்றித் தேடி வாசிக்கச் சொல்லுங்கள்.

இதுவரை சொன்னது சேதம் மட்டும்தான். சேதம் நேரே கலத்தைக் கொல்வது குறைவு. கொல்வது அந்தச் சேதத்துக்குக் கலம் காட்டும் எதிர்வினை. சமிக்ஞை என்ற பேச்சு வருவது இங்கேதான்.

டி.என்.ஏ. அறுந்ததை ஏ.டி.எம். என்ற புரதம் உணர்கிறது. பிரதியெடுப்பு முட்டி நிற்பதை ஏ.டி.ஆர். என்ற இன்னொரு புரதம் உணர்கிறது. இரண்டும் அடுத்த நிலைப் புரதங்களைத் தூண்ட, தகவல் கடைசியில் பி53 என்ற புரதத்திடம் போய்ச் சேர்கிறது. அதன்முன் இரண்டு வழி இருக்கும். சேதம் சிறிதென்றால் பி21 என்ற புரதத்தை உண்டாக்கிக் கலப்பிரிவை நிறுத்தி, திருத்துவதற்கு அவகாசம் கொடுக்கும். சேதம் பெரிதென்றால் பக்ஸ், பியூமா போன்ற புரதங்களை எழுப்பும். அவை கலத்துக்குச் சக்தி தரும் இழைமணியின் சவ்வில் துளை விழச் செய்யும், உள்ளிருந்து சைற்றோகுரோம் சி என்ற பொருள் வெளியே கசியும், அதைக் கண்டதும் காஸ்பேஸ் என்ற நொதியங்கள் வரிசையாக விழித்துக் கலத்தை உள்ளிருந்தே பிரித்துப்போடும். இப்படித் தன்னைத் தானே முடித்துக்கொள்ளும் ஏற்பாடு எங்கள் உடம்பின் ஒவ்வொரு கலத்திலும் பிறவியிலேயே இருக்கிறது. கீமோ மருந்து செய்வது அதைக் கிளப்பிவிடுவது.

தம்பியின் தலைமயிர் கொட்டியதும், வாய் புண்ணானதும், இரத்த அணுக்கள் குறைவதும் இதே தகவலால்தான். மயிர்வேர், வாயின் உட்தோல், எலும்பு மச்சை எல்லாம் ஓயாமல் கலம் பிரியும் இடங்கள். அங்கே பி53 நல்லபடி இருப்பதால், சொன்னதைக் கேட்டுக் கலங்கள் நிற்கும் அல்லது இறக்கும். தப்பி நிற்கும் மூலக்கலங்கள் மறுபடி வளர்த்துக் கொடுக்கும். மயிர் திரும்ப வரும்.

ஒஸ்டியோசார்கோமாவில் உள்ள பெரிய சிக்கல், அந்த பி53 பல நோயாளிகளின் கட்டியில் பழுதடைந்திருப்பதுதான். அதன் மரபணு மாறியிருக்கும், உடைந்திருக்கும், அல்லது பி53ஐ அழிக்கும் எம்.டி.எம்.2 என்ற புரதம் அளவுக்கு மிஞ்சியிருக்கும். அப்படியென்றால் மருந்து எப்படி வேலை செய்கிறது என்று உங்கள் பெறாமகள் கேட்பாள், நல்ல கேள்விதான். பி53 இல்லாத கலம் சேதத்தோடு நிற்கத் தெரியாமல் பிரிவதற்கு ஓடும். டி.என்.ஏ. சுருண்டிருக்கும் நிறமூர்த்தங்கள் உடைந்திருப்பதால் அவற்றை இரண்டாகப் பங்கிட முடியாமல், பிரியும் வேளையிலேயே அழிந்துபோகும். பி53இன் உறவான பி73 போன்றவை மாற்று வழியாலும் சாவுத் தகவலை அனுப்பும். ஒரு வழி அடைபட்டிருந்தாலும் இன்னொன்று திறக்க வேண்டும் என்பதற்காகத்தான் மூன்று மருந்து, மூன்று விதமான சேதம், குறித்த இடைவெளியில்.

கட்டியும் சும்மா இருப்பதில்லை. ஏ.கே.ரி., என்.எஃப்.-கப்பா-பி என்று பெயரிடப்பட்ட வழிகளால் "சாகாதே" என்ற எதிர்த்தகவலை அது ஓட்டுகிறது. சில கலங்கள் உள்ளே வந்த டொக்ஸோரூபிசினை வெளியே தள்ளும் பம்புகளைக் கூட்டிக்கொள்ளும். ஒஸ்டியோசார்கோமாக் கலங்கள் பலவற்றில் மெதோட்ரெக்சேட் நுழையும் வாசலே குறைவு. இந்த மருந்தைத் தாங்க முடியாத அளவுக்குக் கூடுதலாக ஏற்றிவிட்டு, 24 மணித்தியாலம் கழித்து லியூக்கோவொரின் என்ற மாற்று மருந்தைத் தொடங்கி நல்ல கலங்களை மீட்பதற்கு இதுவும் ஒரு காரணம். கட்டிக்குள் போய்ச் சேர அவ்வளவு வேண்டும். ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறை என்று நேர்ஸ் நடுச்சாமத்திலும் எழுப்பிக் கொடுக்கிறாரே, பிள்ளையைத் தூங்க விடாமல் ஏன் என்று உங்களுக்குத் தோன்றியிருக்கும். இரத்தத்தில் மெதோட்ரெக்சேட் அளவு இறங்கும்வரை அந்த நேரம் ஒன்றுகூடத் தவறக்கூடாது.

சரி, இப்போது மஞ்சள். ஆய்வுகூடத் தட்டில் வளர்த்த ஒஸ்டியோசார்கோமாக் கலங்களின் மேல் மஞ்சளின் சத்தான குர்குமினை ஊற்றினால் அவை சாகின்றன, என்.எஃப்.-கப்பா-பி வழி அடங்குகிறது. அண்ணா வாசித்தது பொய் இல்லை. ஆனால் 2002இல் வெளியான ஓர் ஆய்வு இதற்கு மறுபக்கத்தைக் காட்டியது. மார்புப் புற்றுநோய்க் கலங்களில் டொக்ஸோரூபிசினும் குர்குமினும் சேர்ந்தபோது, சாக வேண்டிய கலங்கள் பல சாகவில்லை. ஜே.என்.கே. என்ற சாவுச் சமிக்ஞையை டொக்ஸோரூபிசின் எழுப்ப வேண்டியிருந்தது, குர்குமின் அதை அடக்கிவிட்டது. வேறு ஆய்வுகளில் இரண்டும் ஒன்றுக்கொன்று கைகொடுத்தன. கலத்துக்குக் கலம், அளவுக்கு அளவு விடை மாறுகிறது. தம்பியின் உடம்பில் எது நடக்கும் என்று இந்தத் தட்டுகளை வைத்து யாராலும் சொல்ல முடியாது.

நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இதுதான், சகோதரி. "சமிக்ஞையை நிறுத்தும்" என்றதும் அது நல்லது என்று எடுத்துக்கொள்கிறோம். தம்பிக்கு ஏற்றும் மருந்துகள் நிறுத்துவதைவிட எழுப்புவதுதான் அதிகம். அவை எழுப்ப வேண்டிய சாவுத் தகவலை வேறொன்று வந்து அடக்கினால், அத்தனை வாந்தியையும் ஊசியையும் தாங்கிய பிள்ளைக்குப் பலன் குறைந்துபோகும். இரட்டைப் பலன் என்று நினைத்துக் கொடுப்பது பாதிப் பலனாகிவிடலாம்.

இன்னும் இரண்டு காரணம். மஞ்சளின் சத்து குடலில் அவ்வளவாக உறிஞ்சப்படாது, அதனால் இந்தக் கப்சூல்களில் பலவற்றில் மிளகுச் சாறு சேர்க்கிறார்கள். அந்தச் சாற்றில் உள்ள பைப்பரின், ஈரல் மற்ற மருந்துகளைச் சிதைத்து வெளியேற்றும் வேலையைக் குழப்பக்கூடியது. அப்புறம், மஞ்சள் கப்சூல் எடுத்துச் சிலருக்கு ஈரல் பாதிக்கப்பட்டது மருத்துவப் பதிவுகளில் இருக்கிறது. மெதோட்ரெக்சேட்டும் ஈரலைச் சோதிக்கும் மருந்துதான். கறியில் போடும் மஞ்சளுக்கும் மிளகு ரசத்துக்கும் இதில் எதுவும் பொருந்தாது, தாராளமாகச் சமையுங்கள். ஃபோலிக் அமிலம் உள்ள விற்றமின் குளிசைகளைக் கேட்காமல் கொடுக்க வேண்டாம். மெதோட்ரெக்சேட் எதை மறிக்கிறதோ அதையே கையில் கொண்டுபோய்க் கொடுப்பதாகிவிடும்.

சமிக்ஞையை அடைத்தால் போதும் என்ற எண்ணம் மருத்துவர்களுக்கும் வந்ததுதான். எலும்பில் வளரும் கட்டி ராங்க்-எல் என்ற தகவலை அனுப்பி, எலும்பைத் தின்னும் கலங்களைத் தூண்டுகிறது. எலும்பு கரையும்போது அதில் அடைபட்டிருந்த வளர்ச்சிப் பொருட்கள் வெளியே வந்து கட்டியை இன்னும் வளர்க்கின்றன. எலும்பு தின்பதை நிறுத்தும் சொலெட்ரோனிக் அமிலத்தைக் கீமோவோடு சேர்த்தால் நல்லது நடக்கும் என்று எதிர்பார்த்து பிரான்சில் பெரிய பரிசோதனை நடத்தினார்கள். முடிவு 2016இல் வந்தது: கூடுதல் பலன் இல்லை. ஆய்வுகூடத்தில் அவ்வளவு அழகாகப் பொருந்திய ஒன்று, பிள்ளைகளின் உடம்பில் பொருந்தவில்லை. அந்த அளவுக்குப் பரிசோதித்த மருந்தே இப்படியென்றால், பரிசோதிக்காத கப்சூலை நம்பி இறங்க எனக்கு மனம் வராது.

இனி உங்களை இரவில் தூங்க விடாத கேள்வி: கட்டி ஏன் சுருங்கவில்லை? ஒஸ்டியோசார்கோமாக் கலங்கள் எலும்பு போன்ற பொருளைத் தாங்களே உண்டாக்குபவை. கலம் செத்தாலும் அது கட்டிய எலும்பு அங்கேயேதான் இருக்கும். புறாத்தீவுக் கடலில் பவளப்பாறை பார்த்திருப்பீர்கள். உள்ளே இருந்த உயிர் போன பிறகும் கல் அதே உருவத்தில், அதே பருமனில் நிற்கும். எக்ஸ்ரே காட்டுவது கல்லை. உயிர் இருக்கிறதா இல்லையா என்று அது சொல்லாது. சில பிள்ளைகளில் மருந்து நன்றாக வேலை செய்யும்போது கட்டியின் மேல் சுண்ணாம்பு படிந்து எக்ஸ்ரேயில் முன்பைவிட வெள்ளையாகக்கூடத் தெரியும். நோவு குறைந்திருக்கிறதா, இரவில் முனகாமல் தூங்குகிறானா, முதலில் இரத்தத்தில் அல்கலைன் பொஸ்பற்றேஸ் என்ற நொதியம் கூடியிருந்தால் இப்போது இறங்குகிறதா, இவற்றைக் கேட்டுப் பாருங்கள். அங்கே "தொடருவோம்" என்பது உங்களைச் சமாளிக்கச் சொன்னது அல்ல.

உண்மையான விடை சத்திரசிகிச்சைக்குப் பிறகு வரும். வழக்கமாக இரண்டு சுற்று முடிந்து, பதினோராவது வாரமளவில் கட்டியை எடுப்பார்கள். எடுத்த எலும்பை நோயியல் நிபுணர் துண்டு துண்டாக நுணுக்குக்காட்டியில் பார்த்து, எத்தனை வீதம் செத்திருக்கிறது என்று சொல்வார். 90 வீதமோ அதற்கு மேலோ என்றால் மருந்து நன்றாகக் கேட்டிருக்கிறது. குறைந்தால் எல்லாம் முடிந்தது என்று எடுக்கக்கூடாது. அப்படிப்பட்டவர்களுக்கு இன்னும் இரண்டு மருந்தைச் சேர்த்துப் பார்த்த பன்னாட்டுப் பரிசோதனையில், சேர்த்ததால் ஆயுள் கூடவில்லை, பக்கவிளைவுதான் கூடியது. ஆகவே அப்போதும் இதே மூன்று மருந்தைத் தொடர்ந்தால், மருத்துவர்கள் கைவிட்டுவிட்டார்கள் என்று நினைக்காதீர்கள்.

கட்டியை முதலிலேயே வெட்டியெடுத்தால் என்ன என்று ஊரில் கேட்பார்கள். 1970களுக்கு முன்பு அதுதான் நடந்தது, காலையே எடுத்தார்கள். ஆனாலும் ஐந்தில் ஒருவர் அளவில்தான் தப்பினார்கள். ஸ்கேனில் தெரியாத சிறு கலங்கள் அதற்குள் நுரையீரலுக்குப் போயிருக்கும். கீமோ வந்த பிறகு, நோய் வேறிடத்தில் தெரியாத பிள்ளைகளில் மூன்றில் இருவர் அளவில் நீண்டகாலம் நலமாக இருக்கிறார்கள், பலருக்குக் காலும் மிஞ்சுகிறது. தம்பிக்கு நெஞ்சு ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்பது பெரிய விஷயம்.

அதனால் திகதி தவற விடாதீர்கள். இரத்த அணு ஏறவில்லை என்று அங்கேயே தள்ளிப்போட்டால் அது வேறு, அது பிள்ளையின் பாதுகாப்புக்கு. திருவிழா, வீட்டு விசேஷம், வாகனம் கிடைக்கவில்லை என்று நாமே தள்ளக்கூடாது. இடைவெளி நீண்டால், அரைகுறையாக அடிபட்ட கலங்கள் தங்களைத் திருத்திக்கொண்டு எழும்ப அது வாய்ப்பாகிவிடும். திருகோணமலையிலிருந்து மஹரகம போய்வருவது எவ்வளவு அலைச்சல் என்று எனக்குத் தெரியும். தங்குவதற்கு உதவி தேவையென்றால் வார்டில் வாய்விட்டுக் கேளுங்கள்.

கன்னியா வெந்நீர் இப்போதைக்கு வேண்டாம். சேலைன் ஏறும் குழாய் உடம்பில் இருக்கும்போதும், வெள்ளணு குறைந்திருக்கும்போதும் பலர் குளிக்கும் இடத்து நீர் ஆகாது. நீவுவது அதைவிட ஆபத்து. கட்டி அரித்த எலும்பு பலவீனமானது, முறிந்தால் காலைக் காப்பாற்றும் சத்திரசிகிச்சையே சிக்கலாகிவிடும். கோணேசபுரியில் உள்ள கிழக்குப் பல்கலைக்கழக வளாகத்தில் சித்த மருத்துவம் முறையாகப் படிப்பிக்கிறார்கள், அங்கே படித்து வந்த மருத்துவர்களை நான் மதிக்கிறேன். அவர்களிடம் போவதென்றால் கிளினிக் கொப்பியைக் காட்டி, இந்த மூன்று மருந்தின் பெயரையும் சொல்லுங்கள். அறிந்த வைத்தியர் இந்த நேரத்தில் உள்ளுக்கு மருந்து கொடுக்கத் தயங்குவார். "கீமோவை விட்டுவிட்டு என்னிடம் வா" என்று யார் சொன்னாலும் எழுந்து வந்துவிடுங்கள்.

வீட்டில் கவனிக்க வேண்டியதில் முதலாவது காய்ச்சல். உடம்புச் சூடு 38 பாகை செல்சியஸைத் தொட்டால், இரவோ பகலோ, அந்த நேரமே திருகோணமலை பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். பனடோல் கொடுத்து விடியட்டும் என்று இருக்க வேண்டாம். வாசலிலேயே "கீமோ ஏற்றும் பிள்ளை" என்று சொல்லி, கொப்பியைக் கொடுங்கள். டெங்கு ஓடும் காலத்தில் இரண்டையும் பார்ப்பார்கள், ஆனால் வெள்ளணு குறைந்த பிள்ளைக்கு அன்ரிபயோட்டிக் தொடங்கப் பிந்தக்கூடாது. நோவுக்கு டைக்குளோஃபெனக், இபுபுரூஃபன் போன்றவற்றைப் பாமசியில் வாங்கிக் கொடுக்காதீர்கள். சிறுநீரகம் மெதோட்ரெக்சேட்டை வெளியேற்றுவதை அவை தடுக்கும். வயிற்று எரிவுக்கு எடுக்கும் ஒமெப்ரசோலும், சில அன்ரிபயோட்டிக்குகளும் அப்படித்தான், எதையும் கேட்டுவிட்டே கொடுங்கள். காது இரைகிறது, ஆட்கள் பேசுவது சரியாகக் கேட்கவில்லை என்று தம்பி சொன்னால் அடுத்த சிஸ்பிளாட்டினுக்கு முன் கட்டாயம் தெரிவியுங்கள். பிள்ளைகள் இதைச் சொல்லாமல் மறைப்பார்கள், நீங்களே கேளுங்கள். டொக்ஸோரூபிசினுக்காக இதய ஸ்கேன் எப்போது என்பதையும் கேட்டு வையுங்கள்.

அண்ணாவிடம் கோபமாகப் பேச வேண்டாம். தூரத்தில் இருக்கிறவருக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்ற தவிப்பு. அனுப்புகிற காசை மஹரகம போய்வரும் வாகனச் செலவுக்கும் நல்லதொரு தேமோமீற்றருக்கும் அனுப்பச் சொல்லுங்கள். சத்திரசிகிச்சை முடிந்து நோயியல் அறிக்கை வந்ததும், விரும்பினால் அதில் உள்ள வீதத்தையும் அடுத்து என்ன சொன்னார்கள் என்பதையும் எனக்கு எழுதுங்கள். காலை மடக்கி நீட்டும் பயிற்சி, மறுபடி பள்ளிக்கூடம் போவது பற்றியெல்லாம் அப்போது பேசுவோம்.